பதிவில் இல்லாத பச்சை

கேட்டுக்காரம்மாவை வேலையிலிருந்து நிறுத்த ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது. அந்த வரியை எழுதியவள் சித்தி.

சித்தி என்றால் சுண்டெலிக்குச் சித்தி, அவள் அம்மாவின் தங்கை. நான்கு வயதுச் சுண்டெலி போகும் குழந்தைகள் காப்பகத்தில் மேடம் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் சித்திதான். காப்பக வாசலில் இருக்கும் திரைக்கு நிரல் எழுதியவளும் அவளே. குழந்தையை அழைத்துப் போக யாராவது வந்தால் கேட்டுக்காரம்மா குழந்தையின் செல்லப்பெயரையும் வந்தவரின் அடையாள எண்ணையும் தட்டுவார். பச்சை வந்தால் அனுப்பலாம், சிவப்பு வந்தால் அனுப்பக் கூடாது. இதற்கு மேல் அதில் ஒரு ரகசியமும் இல்லை என்று இரண்டு வருடமாகச் சித்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றே முக்காலுக்குச் சுண்டெலியின் அப்பா வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அந்த உரிமை கிடையாது. மாதம் இரண்டு ஞாயிறு, அதுவும் அக்கா பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்று கோர்ட்டில் தீர்ப்பாகி ஒரு வருடம் ஆகிறது. ஐந்து மணிக்குப் போன அக்கா பிள்ளை இல்லாமல் நின்றாள். எட்டு மணிக்கு அவர் கொண்டுவந்து விட்டார். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. கையில் பலூன், காலில் புது ஷூ. ஷூ ஒரு அளவு சின்னது, கட்டைவிரல் சிவந்திருந்தது. இடையில் போன மூன்று மணி நேரத்தை அக்கா எப்படிக் கழித்தாள் என்று கேட்க வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

கேட்டுக்காரம்மா ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஸ்கிரீன்ல பச்சை வந்துச்சு."

மேடம் சித்தியைக் கேட்டார். சித்தி சேமிப்புக் கோப்பைத் திறந்து சுண்டெலியின் பதிவைப் பார்த்தாள். அனுமதி பெற்றவர்கள் இரண்டே பேர், அக்காவும் அவளும். ‘யார் வந்தாலும் அனுப்பலாம்’ என்று ஒரு கட்டம் உண்டு, சில பெற்றோர் அதில் டிக் போடுவார்கள். சுண்டெலியின் பதிவில் அது இல்லவே இல்லை. ஆகவே சித்தி எழுதினாள்: ‘பதிவில் அனுமதி இல்லை. பச்சை வந்திருக்க வாய்ப்பே இல்லை.’ அந்த வரி புதன்கிழமை காலை போனது. பத்து மணிக்குக் கேட்டுக்காரம்மாவின் நாற்காலி காலி. வியாழன் நான்கு மணிக்கு மேடம் அறையில் கூட்டம், அங்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவதாகப் பேச்சு.

"அந்தப் பொம்பளை பொய் சொல்றாடி," என்றாள் அக்கா. "அவர்கிட்ட ஏதோ வாங்கியிருப்பா." சித்தி மறுத்துப் பேசவில்லை. தன் நிரல்மீது அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. தலைக்கனம் என்றும் சொல்லலாம், அவள் முகத்துக்கு நேரே சொல்லாமல் இருந்தால் சரி.

வியாழன் காலை பதினொன்றுக்குக் கேட்டுக்காரம்மா சித்தியின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அலுவலகம் என்றால் மாடியில் ஒரு அறை, மூன்று மேசை, எப்போதும் தண்ணீர் சொட்டும் ஏசி. சித்தியின் எதிர் மேசையில் தாடி. அவனுக்குத் தாடி எடுத்து ஆறு வருடம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை.

உட்காரச் சொல்லியும் கேட்டுக்காரம்மா உட்காரவில்லை. கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

"செவ்வாய்க்கிழமை ஷீட்டுங்க. மத்தியானம் பிரிண்ட் எடுத்தது. எல்லாப் பிள்ளைக்கும் நேரம் போட்டு, வந்தவங்க கையெழுத்து வாங்கியிருக்கேன். அந்தப் பாப்பாவோட அப்பாவும் போட்டிருக்காரு, பாருங்க. மறைக்கணும்னா நான் ஏன் கையெழுத்து வாங்கப் போறேன்?"

"கையெழுத்து வாங்கினா சரியாயிடுமா? சிவப்பு வந்தும் அனுப்பியிருக்கீங்க."

"பச்சைங்க." குரல் உயரவில்லை. "எனக்கும் அவரைப் பார்த்ததும் சந்தேகம்தான். அம்மாவுக்கு ஒரு போன் போடுவோமான்னு ஃபோனைக்கூட எடுத்தேன். அப்புறம் சுவத்துல ஒட்டியிருக்கறது கண்ணுல பட்டுச்சு. வச்சுட்டேன்."

சுவரில் ஒட்டியிருப்பது என்ன என்று சித்திக்குத் தெரியும். ஒட்ட வைத்தவளே அவள்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் அவசரமாகச் சுண்டெலியை அழைக்கப் போனபோது, பச்சை வந்த பிறகும் கேட்டுக்காரம்மா அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளையை விட்டார். பத்து நிமிடம் வீண். சித்திக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்றே மேடத்துக்குக் கடிதம் எழுதி, ‘திரை பச்சை காட்டினால் கேள்வி கேட்காமல் அனுப்பவும்’ என்று பெரிய எழுத்தில் அடித்துக் கேட் சுவரில் ஒட்டச் செய்திருந்தாள்.

"அது பச்சை வந்தா," என்றாள் சித்தி, கொஞ்சம் இறங்கிய குரலில்.

"அதைத்தான் நானும் சொல்றேன். சரி, என்னைத் திருடின்னு சொல்றதுக்கு முன்னாடி உங்க மெஷின் எவ்வளவு ஒழுங்குன்னும் பாருங்க. அன்னைக்கு ஷீட்டுல கீழ மூணு பிள்ளை கூடுதலா வந்துச்சு. இங்கிலீஷ்ல ஏதோ பேரு. பாத்ரூம் வரைக்கும் தேடினேன். கால் வலிச்சதுதான் மிச்சம், அப்படி யாருமே இல்ல."

சித்தி தாளின் அடிப்பகுதியைப் பார்த்தாள்.

செல்லப்பெயர்ப் பத்தியில் வரிசையாக ‘உருண்டை’, ‘சுண்டெலி’, ‘பொம்மு’ என்று வந்து, கடைசியில் மூன்று வரி: fullName, phone, anyone. பிள்ளைகளின் பெயரல்ல. அவள் நிரலுக்குள் அவளே வைத்த பெயர்கள்: முழுப்பெயர், தொலைபேசி, யார் வந்தாலும் அனுப்பலாம். அவற்றுக்கு நேரே முழுப்பெயர்ப் பத்தியில் மூன்று வரியிலும் ஒரே பையனின் பெயர். அந்தப் பெயரை அவள் பதிவேட்டில் பார்த்ததே இல்லை.

"தாடி, இங்க வா."

தாடி வந்து குனிந்து பார்த்தான். பெயரைப் பார்த்ததும் நெற்றியைத் தேய்த்தான். "இந்தப் பையனோட அப்பா செவ்வாய்க்கிழமை காலையில போன் பண்ணாரு. புதுசா சேர்க்கறாராம், ஃபார்ம் எர்ரர் காட்டுதுன்னாரு. நாளைக்குப் பாருங்கன்னு சொல்லிட்டேன். புதன்கிழமை ‘குண்டு’ன்னு போட்டு சேர்த்துட்டாரு."

"செவ்வாய்க்கிழமை என்னன்னு போட்டாரு?"

நிரல் தானாக எழுதிவைக்கும் பிழைக்குறிப்பில் தேடினார்கள். செவ்வாய் காலை பதினொன்று பன்னிரண்டுக்கு ஒரு வரி இருந்தது. செல்லப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அடிக்கோடு, proto, மறுபடி இரண்டு அடிக்கோடு: __proto__.

தாடி விசில் அடிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். சித்தி அந்த அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் சிரித்தார்.

"நானும் உங்க தொழில்தாங்க. எந்த ஃபார்மைப் பார்த்தாலும் கை அரிக்கும், அதைப் போட்டுப் பார்ப்பேன். எர்ரர் வந்துச்சு, சரி தடுத்துட்டாங்கன்னு நினைச்சேன். ஏன், ஏதாவது ஆச்சா?"

ஆச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுச் சித்தி போனை வைத்தாள். ஊரான் வீட்டுக் கதவையெல்லாம் ஆட்டிப் பார்க்கிற இந்தப் பழக்கம் இவர்கள் தொழிலில் மட்டும்தான் சாமர்த்தியம் என்று பெயர் வாங்கும். மற்றவர்கள் செய்தால் போலீசில் பிடித்துக் கொடுப்பார்கள்.

இங்கே கொஞ்சம் நிரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் கதை நகராது. சித்தி நிரல் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் இன்னொரு பதிவு நிற்கும். ஒன்றைக் கேட்டால் முதலில் தன்னிடம் பார்க்கும். இல்லையென்றால் பின்னால் நிற்பதைக் கேட்கும். அங்கேயும் இல்லையென்றால் அதற்கும் பின்னால். பின்னால் நிற்பதற்கு ப்ரோட்டோடைப் என்று பெயர். சுண்டெலியின் பதிவுக்குப் பின்னால் அவள் வகுப்பின் பொதுப் பதிவு நிற்கிறது. வகுப்புக்கான நேரம், அறை எண் எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கும். அதற்கும் பின்னால், எல்லாவற்றுக்கும் கடைசியில், மொழியே வைத்திருக்கும் மூலப் பதிவு. காப்பகத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும் அது ஒன்றுதான்.

பின்னால் நிற்பது யார் என்று பார்க்க Object.getPrototypeOf என்று முறையான வழி இருக்கிறது. மாற்ற Object.setPrototypeOf. இரண்டையும் விட்டால் பழைய குறுக்கு வழி ஒன்று, அதுதான் __proto__. குறுக்கு வழியின் கோளாறு, அது பார்வைக்கு ஒரு சாதாரணப் பெயர் போலவே இருப்பது. சித்தி குழந்தைகளைச் செல்லப்பெயரை வைத்துத்தான் அடுக்கியிருந்தாள். அந்தப் பெயரில் ஏற்கனவே பதிவு இருந்தால் அதை எடு, இல்லையென்றால் புதிதாகத் திற என்று எழுதியிருந்தாள். அந்த மனிதர் தட்டிய பெயருக்குப் புதிதாக எதுவும் திறக்கவில்லை. மூலப் பதிவையே எடுத்து நீட்டிவிட்டது. முழுப்பெயர் அதில் ஏறியது. தொலைபேசி ஏறியது. அவர் டிக் போட்ட ‘யார் வந்தாலும் அனுப்பலாம்’ என்பதும் ஏறியது. அடுத்த படியில் சித்தியின் நிரல் அதே குறுக்கு வழியில் மூலப் பதிவுக்குப் பின்னால் வகுப்பை நிறுத்தப் பார்த்தது. அதற்குப் பின்னால் யாரையும் நிறுத்த மொழி விடாது, அங்கேதான் எர்ரர். ஆனால் அதற்கு முன்னால் எழுதியது எழுதியதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தாடி இதே வரியைக் காட்டி, "இந்த அடிக்கோடு சமாச்சாரம் வேணாம், முறையா எழுதிடு," என்று சொன்னான். "ஒழுங்காத்தானே ஓடுது, விடு," என்று சித்தி சொன்னாள். இப்போது தாடி அதை ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சோதனைக் கணினியில் செவ்வாய்க்கிழமையை அப்படியே திரும்ப நடத்தினார்கள். அந்தப் பெயரைத் தட்டினாள். எர்ரர் வந்தது. பிறகு சுண்டெலியின் பெயரும் அவள் அப்பாவின் எண்ணும். கேட்டுக்காரம்மா நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தார்.

பச்சை.

தாடியின் எண். பச்சை. கடைசியில் எண்ணுக்குப் பதிலாகச் சும்மா ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டினாள். அதற்கும் பச்சை. தெருவில் போகிற எவன் வந்து கேட்டிருந்தாலும் அன்று பிற்பகல் முழுவதும் அறுபத்து நான்கு பிள்ளைகளில் யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

அந்த அனுமதி சுண்டெலியின் சொந்தப் பதிவில் இருக்கிறதா என்று கணினியிடம் கேட்டாள். இல்லை என்றது. சுண்டெலியை யார் வந்தாலும் அனுப்பலாமா என்று கேட்டாள். ஆமாம் என்றது. இரண்டு பதிலும் உண்மை. Object.getPrototypeOf வைத்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போனாள்: வகுப்பில் இல்லை, மூலத்தில் இருந்தது. அது நினைவகத்தில் மட்டும் இருப்பது, கோப்பில் எழுதப்படாது. தினமும் விடியுமுன் தானாக நின்று மறுபடி தொடங்கும்போது துடைத்த மாதிரி போய்விடும். புதன்கிழமை அவள் கோப்பைத் திறந்து பார்த்தபோது அங்கே என்ன கிடைத்திருக்கும்?

"உட்காருங்க," என்றாள் சித்தி. "பச்சைதான் வந்திருக்கு. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

கேட்டுக்காரம்மா இப்போதுதான் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "ரெண்டு நாளா எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா," என்றார். "நிஜமாவே பச்சையைத்தான் பார்த்தோமா, இல்ல கண்ணு போயிடுச்சான்னு."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். சித்தி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான்கு மணிக்கு முன்னால் சரிசெய்யவும் வேண்டியிருந்தது. பதிவேட்டுக்குப் பின்னால் எதுவுமே நிற்காதபடி Object.create-இடம் null, அதாவது ‘யாருமில்லை’ என்று கொடுத்து உருவாக்கினார்கள். இனி அந்த அடிக்கோட்டுப் பெயரும் ‘பொம்மு’ மாதிரி ஒரு வெறும் பெயர்தான். வகுப்புப் பதிவும் அப்படியே. அதற்குப் பின்னாலும் இனி யாரும் இல்லை. புதுப் பிள்ளையின் பதிவு பிறக்கும்போதே வகுப்பைப் பின்னால் வைத்துப் பிறக்கும். பிள்ளை பெரிய வகுப்புக்குப் போகும் நாளில் மட்டும் setPrototypeOf, அதுவும் ஒரே இடத்தில். அனுமதி கேட்டால் குழந்தையின் சொந்தப் பதிவில் இருப்பது மட்டுமே செல்லும்; பின்னால் நிற்பவர் யார் சொன்னாலும் எடுபடாது. எல்லாம் சேர்த்துப் பதினொரு வரி. தாடி பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தான். முதல் தடவையாகச் சித்தி அதற்கு முகம் சுளிக்கவில்லை.

மேடம் அறையில் அக்கா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். சித்தியின் பின்னால் கேட்டுக்காரம்மா வருவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சித்தி சுற்றி வளைக்கவில்லை. தாளைக் காட்டி, மூன்று வரியைக் காட்டி, என்ன நடந்தது என்று சொன்னாள். மேடத்துக்குப் பாதி புரிந்தது. "அப்போ மெஷின் தப்பா?" என்றார்.

"மெஷின் இல்ல மேடம். நான். ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்னாங்க, நான் கேக்கல. அந்த நோட்டீஸை ஒட்டச் சொன்னதும் நான். அவங்க போன் போட்டுக் கேட்டிருப்பாங்க, அதையும் நான்தான் தடுத்தேன். நேத்து சரியா பார்க்காம அந்த வரியையும் நான்தான் எழுதினேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கேட்டுக்காரம்மாவைப் பார்த்து, "நாளைக்குக் காலையில வந்துடுங்க," என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. கேட்டுக்காரம்மாவும் அதற்காகக் காத்திருக்கவில்லை. "ரெண்டு நாள் சம்பளம் பிடிக்கக் கூடாதுங்க," என்று மட்டும் சொன்னார்.

அக்கா எழுந்து வந்தாள். கேட்டுக்காரம்மாவின் கையைப் பிடித்து, "ஏதேதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க," என்றாள். பிறகு தங்கையைத் தாண்டி நடந்து, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

வீட்டில் அன்று இரண்டே வாக்கியம்தான். "மூணு மணி நேரம்டி," என்றாள் அக்கா. "அவ செத்துட்டாளான்னுகூட நினைச்சேன்." சுண்டெலி அந்தச் சின்ன ஷூவை வலுக்கட்டாயமாகப் போட்டுக்கொண்டு கூடத்தில் நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை அலுவலகத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. சுண்டெலியை இன்று நாமே அழைத்துப் போய் அளவான ஷூ ஒன்று வாங்கிக் கொடுப்போம் என்று சித்திக்குத் தோன்றியது. அக்காவிடம் கேட்கவில்லை, எப்போதும் கேட்டதில்லை. அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆகிறது. பிள்ளையைப் புது ஷூவோடு கொண்டுபோய் நிறுத்தினால் கொஞ்சம் இளகுவாள் என்று ஒரு நப்பாசை.

நான்கரைக்குக் காப்பகத்துக்குப் போனாள். சுவரில் நோட்டீஸ் இருந்த இடத்தில் நான்கு மூலையிலும் பசையின் தடம். கேட்டுக்காரம்மா அவளைப் பார்த்துச் சிரித்தார், சுண்டெலியின் பெயரைத் தட்டினார், சித்தியின் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. மறுபடி ஒரு தடவை தட்டினார்.

"சிவப்பு வருதும்மா," என்றார் தயக்கத்தோடு.

சித்தி கம்பிக்கு வெளியே நின்றபடி எட்டிப் பார்த்தாள். சிவப்புதான். இரண்டு வருடமாக அந்தப் பதிவில் இருந்த இரண்டு பேரில் ஒரு பேரை அக்கா எடுத்திருக்கிறாள். முறைப்படி படிவம் கொடுத்து, கையெழுத்துப் போட்டு எடுத்திருக்கிறாள்.

"திரும்பவும் ஏதாவது கோளாறா இருக்கும்," என்றார் கேட்டுக்காரம்மா. "உங்களை எனக்குத் தெரியாதா? அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடறேன்."

"வேண்டாங்க."

உள்ளே வராந்தாவில் சுண்டெலி அவளைப் பார்த்துவிட்டாள். பையை மாட்டிக்கொண்டு, "சித்தி! சித்தி!" என்று குதித்தபடி கம்பிவரை ஓடிவந்து, கேட்டுக்காரம்மாவின் கை குறுக்கே நீண்டதும் நின்றாள்.

"கோளாறு இல்ல," என்றாள் சித்தி. "சரியாத்தான் காட்டுது. அனுப்பாதீங்க."